நெடில் ஈ ஆபீசர்

கடையைத் திறந்து வைத்துவிட்டு ஈ ஓட்டியவர்கள் தமிழ்நாட்டில் லட்சம் பேர் இருப்பார்கள். ஈ ஓட்டியே கடையில் கூட்டம் சேர்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். கொல்லிமலையில், சோளக்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் அவர் கடை. அதற்கு நேரெதிரே, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், பிரிண்டர், கைரேகை மெஷின் என்று சகல சௌபாக்கியங்களோடும் ஒரு இ-சேவை மையம் வைத்துக்கொண்டு, சிக்னல் எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தபடி, சொலவடைப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ஈ ஆபீசர். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள். அவருக்கு எடப்புளி நாட்டில் கொஞ்சம் சாமைக் காடும் மரவள்ளியும் உண்டு. ஆனால் தொழில் என்னவென்று கேட்டால் "ஈங்க" என்பார். அதில் எது தொழில், எது மரியாதை என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அரியூர் நாட்டுச் செல்லாயியின் ஒரே மாடு, அதுவும் சினை மாடு, ஈயால் சாகக் கிடந்தபோது இந்த மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இவரைப் பற்றி எதையும் நேராகச் சொல்ல முடியாது. நேராகப் போனால் இவரிடம் போய்ச் சேர மாட்டீர்கள். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

மாட்டு ஈ என்றால் நம் டீக்கடை ஈ என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடை ஈ சாது. தானுண்டு, தன் பன்னுண்டு என்று இருக்கும். மாட்டு ஈ தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கிற சாதி. மழையும் பலாப்பழமும் சேர்ந்து வருகிற காலத்தில் மலை முழுக்க அதன் ராஜ்யம்தான். மாடு வாலைச் சுழற்றும், காதை அடிக்கும், தோலைச் சிலிர்க்கும், காலை உதைக்கும், கடைசியில் மேய மறந்துவிடும். பால் பாதியாகும். அப்போது ஆள் விட்டு அழைப்பார்கள் ஆபீசரை.

அவர் வருவதற்கு முன் அவர் வாசனை வரும். தோளில் வேப்பெண்ணெயில் ஊறிய துண்டு, இடுப்பில் செருகிய நொச்சிக் கிளை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி சீட்டைக் காட்டுவார். அந்த சீட்டுக்கு முன்னால் இருக்கும் சீட்டும் அதற்கு முந்தைய சீட்டும் தாமாகவே காலியாகிவிடும். "பாருங்க சார், மலைச்சனம் எவ்வளவு மரியாதை தெரிஞ்சவங்க" என்று என்னிடம் பெருமைப்பட்டிருக்கிறார்.

மரியாதை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. ஆபீசர் ஈயை அடிக்க மாட்டார். பேசுவார். அதுவும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மாட்டின் காதோரம் குனிந்து, பந்தியில் இடம் மாறி உட்கார்ந்த சம்பந்தியிடம் பேசுவது போல ஆரம்பிப்பார்:

"ஏனுங்க, உங்களுக்கு உக்கார வேற எடமே கெடைக்கலீங்களா? எந்திரிங்க. அக்கட்டால போங்க. பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?"

அடுத்த நொடி திரும்பி மாட்டுக்காரனிடம், "ஏண்டா, சாணியை அள்ளாம இப்படித்தான் குமிச்சு வெச்சிருப்பியா? கை என்ன தேஞ்சா போயிரும்?" என்று ஒரு பாய்ச்சல்.

ஒரு மாட்டுக்காரன் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டான். "ஏனுங்க ஆபீசரே, ஈக்கு வாங்க போங்க, எனக்கு வாடா போடாவா?"

"அவங்க வெளியாளுங்க. நீ நம்ம பையன்டா" என்றார் ஆபீசர். மாட்டுக்காரன் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் சாணி அள்ளப் போய்விட்டான்.

இதற்கெல்லாம் பலன் இருந்ததா என்று கேட்கிறீர்கள். அங்கேதான் குழப்பம். ஒரு தடவை ஒரு கொட்டகையில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போட்டார். புகை கிளம்பிய கிளம்பில் காடு பற்றிக்கொண்டது என்று நினைத்து அந்தக் குக்கிராமமே குடமும் கையுமாக ஓடி வந்தது. ஈக்கள் மாட்டை விட்டு எழுந்தன. எழுந்து, ஓடி வந்தவர்கள் மேல் உட்கார்ந்தன. "பாத்தீங்களா, மாட்டு மேல ஒண்ணுகூட இல்லீங்க!" என்றார் ஆபீசர், முகத்தைச் சொறிந்துகொண்டே. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இன்னொரு தடவை ஆட்டுக்குட்டிகளுக்கு ஈ மொய்க்கிறது என்று வேப்பெண்ணெயும் பூண்டும் அரைத்துப் பூசிவிட்டார். ஈ ஓடியது. தாய் ஆடும் ஓடியது. வாசனை மாறிப்போனதால் தன் குட்டிகளையே அடையாளம் தெரியாமல் அது முட்டித் தள்ள ஆரம்பித்துவிட்டது. மனிதர் பதறிப்போய் குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாயின் பின்னால் "உங்க புள்ளைங்கதானுங்க, நல்லாப் பாருங்க" என்று காடெல்லாம் கெஞ்சிக்கொண்டு நடந்தார். அப்புறம் ஒரு யோசனை வந்து தாய்க்கும் அதே எண்ணெயைப் பூசினார். குடும்பம் ஒன்று சேர்ந்தது. அன்றைக்கு அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காலர் வைத்த சட்டை அவரிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது போர்டால். சேந்தமங்கலத்துப் பெயிண்டர் ஒருவரைப் பிடித்து, "எதுத்தாப்ல இருக்கற போர்டு மாதிரியே எழுதுங்க" என்றிருக்கிறார் ஆபீசர். ஈயடிச்சான் காப்பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் கண்ணால் பார்த்தேன். என் போர்டின் அதே நீலம், அதே கட்டம், அதே எழுத்து. கீழே 'மதிய உணவு இடைவேளை உண்டு' என்பது கூட இருந்தது. 'ஆதார் அட்டை கொண்டு வரவும்' என்பதும் இருந்தது. மாறியது ஒரே எழுத்து. என் போர்டில் 'இ-சேவை மையம்'. அவர் போர்டில் 'ஈ சேவை மையம்'.

நான் ரோட்டைத் தாண்டிப் போய்க் கத்தினேன். "யோவ், என் பேரை நீர் எப்படி வைக்கலாம்?"

அவர் கோபப்படவே இல்லை. "சார், நல்லாப் பாருங்க. உங்குளுது குறிலு, எங்குளுது நெடிலுங்க. ரெண்டும் வேற வேற எழுத்து. வாத்தியார் அடிச்சு சொல்லிக் குடுத்தது, மறக்குமுங்களா?"

இலக்கணத்தை வைத்து அடித்தால் தமிழன் என்ன செய்வான்? திரும்பி வந்துவிட்டேன்.

போர்டில் குறில், நெடில் சரி. வாயில் யாருக்குக் குறில் வருகிறது? பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் "ஏனுங்க, ஈ சேவை எங்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். பஸ் நிற்கும் இடத்து டீக்கடைக்காரர் கை எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் காட்டுவார். வாரிசுச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெரியவர் எதிர்க்கடைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வேப்பெண்ணெய் மினுமினுக்க வெளியே வந்தார். "வேலை முடிஞ்சுதுங்களா?" என்றேன். "எங்க கடிக்குதுன்னு கேட்டாருங்க. முட்டியில கடுகடுங்குதுன்னேன். எண்ணெய் தடவி உட்டாருங்க. நல்ல ஆபீசருங்க, லஞ்சமே வாங்கலை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போயேவிட்டார்.

என் பக்கம் இதைவிட மோசம். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், என் கடை வாசலில், இன்டர்நெட் கம்பத்தில், ஒரு எருமை கட்டியிருக்கிறது. எருமைக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஆதார் அட்டையை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். கடைசியில் டீக்கடைக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் கேட்டாலும் "குறிலா, நெடிலா?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். தெரியாதவர்களுக்கு, "கடிக்குதுன்னா நெடிலு, கையெழுத்துன்னா குறிலு" என்று விளக்கமும் கொடுத்தார். அன்றிலிருந்து நான் குறில் ஆபீஸ்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செல்லாயி வந்தாள்.

அன்றைக்கு நல்ல மழை. என் கடைக்கு மேலே தகரம். தகரத்தின் மேல் மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே உதட்டசைவில்தான் தெரியும். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டதால் குறிலா நெடிலா என்று கேட்க ஆளில்லை. நனைந்துகொண்டே வந்த செல்லாயி என் வரிசையில் நின்று, முறை வந்ததும் முன்னால் வந்தாள்.

"என்னம்மா வேணும்?"

"புண்ணுக்குங்க சார்."

என் காதில் விழுந்தது 'பொண்ணுக்கு'. படிக்கிற பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் போலிருக்கிறது என்று கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

"பேரு?"

"செவலைங்க."

செல்லப் பேராக இருக்கும் என்று தட்டினேன். "வயசு?"

"நாலுங்க."

"என்ன சாதி?"

"கலப்புங்க."

என்ன ஒரு துணிச்சலான குடும்பம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்பா பேரு சொல்லும்மா."

"அதாருக்குங்க தெரியும்? ஊசி போட்டுப் பொறந்ததுங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். என் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. "பொண்ணு இப்ப எங்கம்மா?"

"கொட்டகையில கட்டிக் கெடக்குதுங்க. முதுகெல்லாம் புழுவுங்க சார். எந்திரிக்கவே மாட்டேங்குது."

அப்புறம்தான் எனக்கு மாடு விளங்கியது. பலா மரத்தடியில் கட்டியிருந்த மாட்டின் முதுகில் பழுத்த பலாப்பழம் ஒன்று விழுந்து தோல் கிழிந்திருக்கிறது. பலாச்சாறும் ரத்தமும் சேர்ந்தால் ஈக்குக் கேட்கவா வேண்டும்? மொய்த்து, முட்டையிட்டு, புண்ணுக்குள் புழு நெளிகிறது. "இன்னும் கொஞ்ச நாள்ல கன்னு போடோணுமுங்க. எனக்கு அது ஒண்ணுதானுங்க சார். அது போச்சுன்னா நானும் போயிருவேன்" என்று சொல்லி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அழுகை மட்டும் மழையைத் தாண்டிக் காதில் விழுந்தது.

மாட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அதிசயமாக சிக்னல் கிடைத்தது. அவர் அடிவாரத்தில் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். கொண்டை ஊசி வளைவெல்லாம் மேகம் இறங்கி மூடியிருக்கிறது, காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்றார். "அதுவரைக்கும் மேல மேல ஈ உட்காராம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ள யாரைக் கூப்பிடுவது? கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினேன். விஷயத்தைச் சொன்னதும் ஆபீசர் நொச்சிக் கிளையை இடுப்பில் செருகிக்கொண்டு, போருக்குப் போகிற மாதிரி எழுந்தார். மிளகு மூட்டை ஏற்றிய மினி வேன் ஒன்றை மறித்து மூன்று பேரும் அரியூர் நாட்டுக்குப் போனோம்.

செவலை தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது. வாலைக்கூட ஆட்டவில்லை. ஆபீசர் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏனுங்க, சினையா இருக்கறவங்க மேல..." என்று ஆரம்பித்தார். புண்ணுக்குள் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்து வந்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் வேப்பெண்ணெயோடு வியர்வையும் வழிந்தது.

"சார், இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க."

"என்னது?"

"எனக்கு ஈங்க மட்டுந்தானுங்க. புழு வேற டிபார்ட்மென்ட்டுங்க. புழுன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

எனக்கு வந்ததே கோபம்! "யோவ் ஆபீசரே! ஈ போட்ட முட்டைதான்யா இந்தப் புழு! இந்தப் புழுதான்யா நாளைக்கு ஈ!"

அவர் என்னைப் பார்த்தார். புண்ணைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஈங்களோட புள்ளைங்களாங்க, இதுங்க?"

"ஆமா."

"புழுவா இருந்து மாறுறது பட்டாம்பூச்சிக்குத்தானுங்களே?"

"ஈக்கும் அப்படித்தான்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தது. அவர் கேட்ட கேட்பில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. போனை எடுத்துப் பார்க்கலாம் என்றால் சிக்னல் இல்லை. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

ஆபீசர் தூணோடு சாய்ந்தார். "இத்தன வருசமா வாங்க, போங்கன்னு பழகிட்டு இருக்கறனுங்க சார். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலீங்களே!"

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ, பாவம், அதற்கு என்ன தெரியும், வந்து புண்ணின் ஓரத்தில் உட்கார்ந்தது. ஆபீசர் தூணை விட்டார்.

"எந்திர்றா!"

செல்லாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"வெளிய உங்கிட்ட மரியாதையாப் பேசிட்டு இருந்தா, உள்ள வந்து முட்டையா வெச்சுட்டுப் போற? வெக்கமா இல்ல? போடா! உன்ற ஊர்க்காரனையெல்லாம் கூட்டிட்டுப் போடா!"

சொல்லிக்கொண்டே வீச ஆரம்பித்த கிளையை அவர் கீழே வைக்கவில்லை. புண்ணைப் பார்க்கப் பயம். அதனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அந்தப் பக்கம் வீசினார். பல வீச்சு என் மூக்கில் பட்டது.

காலையில் டாக்டரம்மா வந்தார். டர்பன்டைன் விட்டு, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி போட்டு, மருந்து தடவினார். "ரொம்ப லேட்டா கூப்பிட்டிருக்கீங்க. என்னால முடிஞ்சதைப் பண்ணிட்டேன்" என்றவர், பெட்டியை மூடிக்கொண்டே, "புண் ஆறுற வரைக்கும் ஒரு ஈ உட்காரக் கூடாது" என்றார். எல்லா மாட்டுக்காரர்களிடமும் சொல்வதுதான். அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்ட ஆள் உலகத்திலேயே எங்கள் ஆபீசர் ஒருவர்தான்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடைக்கும் வரவில்லை. செல்லாயி கரைத்துக் கொடுத்த களியைக் குடித்துவிட்டு, மாட்டுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் போகிற போதெல்லாம் கொட்டகைக்கு வெளியிலேயே அவர் குரல் கேட்கும். மனிதர் அதுவரை ஈக்களுக்குக் கொடுத்த மரியாதையையெல்லாம் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார். இடையிடையே குரல் இறங்கும். "நீ படுத்துக்க சாமி. நானிருக்கறேன், ஒருத்தன் வரமாட்டான்." அது செவலைக்கு. ஒருநாள் செவலை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்கு அவரும் குடிக்கவில்லை. "போயிருமுங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வாரிசுச் சான்றிதழுக்குத்தான் பதில் தெரியும். நானும் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

நெடில் ஆபீஸ் மூடிக் கிடந்ததால் மலையில் இருந்த ஈப் பிரச்சினை முழுவதும் என் தலையில் விழுந்தது. நானும் 'நொச்சி வைங்க, சாணி அள்ளுங்க' என்று சொல்லிச் சொல்லி, ஒரு பெரியவர் மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்து ஒருநாள் "எந்திரிங்க" என்றுவிட்டேன். பெரியவர் எழுந்து போய்விட்டார்.

ஒரு காலையில் செவலை எழுந்து நின்றது. அடுத்த வாரம் கன்று போட்டது, கிடாரிக் கன்று. யார் காப்பாற்றியது என்று கேட்டால் டாக்டரம்மா ஊசி என்பார். செல்லாயி ஆபீசர் என்பாள். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. ஆபீசருக்குத்தான் அதைப் பற்றிக் கவலையே இல்லை. செவலை கன்றை நக்குவதையும், கன்றின் மேல் ஈ உட்காராமல் வாலை வீசுவதையும் பார்த்துக்கொண்டே நின்றவர், ஒரு மாதிரியாக என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு சந்தேகமுங்க. அவங்களும் புள்ளைங்களத்தானுங்களே கொண்டாந்து வெச்சாங்க? எடந்தெரியாம வெச்சுட்டாங்க. நான் ரொம்பப் பேசிட்டனுங்களோ?"

"அதுக்கு? ஈகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?"

"அதாங்க யோசனையா இருக்குது. அன்னிக்கு வந்தவங்க யாருன்னே தெரியலீங்களே."

அந்த வாரக் கடைசியிலேயே நான் மலையை விட்டு இறங்க வேண்டியதாகிவிட்டது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல், கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு சொந்த ஊரான ராசிபுரத்துக்கே போகிற ஏற்பாடு. சோளக்காட்டில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தேன். ஆபீசர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு தானாகக் காலியானது. நான் மட்டும் நகரவில்லை. செல்லாயி மூச்சு வாங்க ஓடி வந்து, ஒரு தூக்குப்போசியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். சீம்பால். வெல்லம் போட்டுக் காய்ச்சி, இன்னும் சூடாக இருந்தது.

"யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியலீங்க. ரெண்டு ஈ சேவைக்கும் சேத்துத்தானுங்க" என்றாள்.

மூடியைத் திறந்தேன். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்தது. பழக்கத்தில் என் கை ஓங்கியது. ஆபீசர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த சொந்தக்காரரிடம் முதல் தடவையாகப் பேசுகிற தயக்கத்தோடு சொன்னார்:

"ஏனுங்க... அன்னிக்கு ஏதோ வேகத்துல பேசிட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. இவரு நம்ம சாருங்க. இன்னிக்கு ஊருக்குப் போறாரு. மொதல்ல அவரு சாப்படட்டும். கொஞ்சம் எந்திரிங்க."

பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த ஈ மரியாதையாக எழுந்து போய்விட்டது. எனக்குத்தான் எழுந்து போக மனசு வரவில்லை.